பிள்ளைகளோடு வீடில்லாமல் நிற்கிறீர்களா? இங்கிலாந்தில் அவசரத் தங்குமிடம் பெறும் வழி

பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு குடும்பம், இன்றிரவு படுக்க இடமில்லை என்று கவுன்சிலிடம் போனால், அன்றிரவே அவர்களுக்கு ஓர் இடம் ஏற்பாடு செய்வது இங்கிலாந்தில் கவுன்சிலின் சட்டக் கடமை. 1996-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உங்களோடு வாழும், உங்களை நம்பியிருக்கும் ஒரு பிள்ளை இருந்தாலே, அல்லது வீட்டில் ஒருவர் கர்ப்பிணியாக இருந்தாலே, சட்டத்தின் கண்ணில் அது முன்னுரிமைக் குடும்பம். அந்தக் கவுன்சில் எல்லைக்குள் எத்தனை மாதம் வாழ்ந்தீர்கள் என்பது முதல் இரவுக்குப் பொருட்டல்ல. விசா நிலை பொருட்டு. அதனால் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

எங்கள் சனத்தில் பலருக்கு இது தெரியாது. அண்ணன் வீட்டு ஹோலில் ஒரு மாதம், தெரிந்தவரின் மேலறையில் இரண்டு கிழமை என்று அலைந்து, உறவும் கசந்து, பிள்ளையின் பாடசாலையும் தூரமாகி, கையிருப்பும் கரைந்த பிறகுதான் கவுன்சில் பக்கம் போகிறார்கள். அதற்குள் காட்டவேண்டிய கடிதங்கள் தொலைந்திருக்கும், கேட்கவேண்டிய தேதிகள் தாண்டியிருக்கும். குடும்பங்களுக்கு மொழி உதவிக்காகக் கவுன்சில் அலுவலகங்களுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்: கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025-இல் இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த பிள்ளைகள் மட்டும் 1,65,000-க்கு மேல்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை விசாதான் தீர்மானிக்கிறது.

பிரித்தானியக் குடியுரிமை, நிரந்தர வதிவிட அனுமதி, அகதி அந்தஸ்து ஆகியவற்றில் ஒன்று இருந்தால் கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவுக்கே போகலாம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க: 'செட்டில்ட்' அந்தஸ்து (பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பியக் குடிமக்களுக்குக் கொடுக்கும் நிரந்தர அனுமதி) இருந்தால் பிரச்சினை இல்லை. 'ப்ரீ-செட்டில்ட்' (அதற்கு முந்தைய தற்காலிக அனுமதி) மட்டும் இருந்தால், வேலை செய்கிறீர்கள் என்பது போன்ற வதிவிட உரிமையையும் காட்டவேண்டும். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். வெளிநாட்டில் நீண்டகாலம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியவர்களிடம், பிரித்தானியக் குடிமக்களாக இருந்தாலும், இங்கே நிலையாக வாழ வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், பாடசாலைப் பதிவு, வேலைக் கடிதம் ஆகியவை அதற்குப் பதில்.

உங்கள் இ-விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது பொதுநிதி உதவி பெற உரிமையில்லை, என்று இருந்தால் (மாணவர், பராமரிப்பு வேலை விசா, துணைவர் விசா எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருக்கும்) வீடமைப்புப் பிரிவு உதவாது. அங்கே விண்ணப்பிப்பது விசா நிபந்தனையை மீறுவதாகவும் ஆகலாம். உங்களுக்கு வேறு கதவு இருக்கிறது. கீழே தனியாக எழுதியிருக்கிறேன். பிள்ளை பிரித்தானியக் குடிமகனாக இருந்து பெற்றோருக்கு இந்த நிபந்தனை இருந்தாலும் அதே கதவுதான். அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு மூன்றாவது கதவு.

இன்னொன்று. சட்டம் வீடில்லாதவர் யார் என்று வரையறுக்கும்போது 'ஐக்கிய இராச்சியத்திலோ வேறெங்குமோ' என்று எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உங்கள் பேரில் வீடு இருக்கிறதா என்று கேட்டால் திகைக்காதீர்கள். அங்கே போய் வாழ்வது உங்களுக்கு நியாயமாக இயலுமா என்பதுதான் உண்மையான கேள்வி. அகதி அந்தஸ்து பெற்றவர் எந்த நாட்டை விட்டுத் தப்பி வந்தாரோ, அந்த நாட்டிலுள்ள வீடு கணக்கில் வராது.

வீட்டை விட்டு அவசரப்பட்டு இறங்காதீர்கள்

வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்துவிட்டார் என்றால் அதிலுள்ள தேதியில் சாமானைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முறையான வாடகைக் குடியிருப்பில், நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் நீதிமன்றம் அனுப்பும் பெய்லிஃப் என்ற அதிகாரிதான் உங்களை வெளியேற்றலாம். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால், சாமானை வெளியே போட்டால், மின்சாரத்தை நிறுத்தி விரட்டினால் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கவுன்சிலுக்கும் பொலிசுக்கும் சொல்லலாம்.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் கொடுக்கும் 'பிரிவு 21' நோட்டீஸைப் புதிதாகக் கொடுக்க முடியாது. வீட்டை விற்கப்போகிறேன் என்று சொல்பவர் 4 மாத அவகாசம் தரவேண்டும். நோட்டீஸ் எதுவானாலும் அது செல்லுமா என்று ஒரு ஆலோசகரிடம் காட்டுங்கள். பிழையான நோட்டீஸ்கள் நிறைய வருகின்றன.

ஆனால் எங்களில் பலர் இருப்பது முழு வீட்டில் இல்லை. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை. காசு கையில் கொடுக்கிறோம், எழுத்து எதுவும் இல்லை. வீட்டைத் தருபவர் அதே வீட்டில் வாழ்ந்து குசினியையும் குளியலறையையும் உங்களோடு பகிர்ந்தால், நியாயமான அவகாசம் கொடுத்து நீதிமன்றம் போகாமலே உங்களை வெளியேறச் சொல்லலாம். அப்படி இருப்பவர்கள் 'இத்தனையாம் தேதிக்குள் வெளியேற வேண்டும்' என்பதை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வட்ஸ்அப் செய்தி போதும். வாடகையையும் முடிந்தவரை பாங்க் வழியாகக் கொடுங்கள்.

தானாக வீட்டை விட்டுப் போனவர், கட்டக்கூடிய வாடகையைக் கட்டாமல் விட்டவர் என்று கவுன்சில் முடிவுசெய்தால் 'இன்டென்ஷனலி ஹோம்லெஸ்' (வேண்டுமென்றே வீடிழந்தவர்) என்று எழுதிவிடும். பிறகு நீண்டகால உதவி கைநழுவும். வாடகை நிலுவை இருந்தால் மாத வருமானம், வாடகை, சாப்பாடு, மின்சாரம், பயணம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டை வெட்டாமல் அந்த வாடகையைக் கட்டியிருக்கவே முடியாது என்றால், அது வேண்டுமென்று செய்தது ஆகாது.

56 நாள் இருக்கும்போதே போகலாம்

2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, இன்னும் 56 நாளுக்குள் வீடிழக்கப்போகிறவரும் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரோடு பேசுவது, நிலுவைக்கு உதவுவது, வேறு வீட்டுக்கு முற்பணம் கொடுப்பது போன்றவற்றைச் செய்து அந்த இழப்பைத் தடுக்க முயல்வது கவுன்சிலின் கடமை. என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை 'பேர்சனலைஸ்ட் ஹவுசிங் பிளான்' என்ற தாளில் எழுதித் தருவார்கள். அதை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். 'வாரத்துக்கு இத்தனை வீடு தேடுவேன்' என்று இருந்தால் தேடியதற்கான சான்றை வைத்திருங்கள்; ஸ்கிரீன்ஷொட் போதும்.

பையில் என்ன இருக்கவேண்டும்

கடவுச்சீட்டுகள், இ-விசா பார்க்கத் தேவையான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாடசாலைக் கடிதம், சைல்ட் பெனிபிட் கடிதம் இருந்தால் அதுவும். நோட்டீஸ் அல்லது வெளியேறச் சொன்ன செய்தி. கடைசி மூன்று மாத பாங்க் விவரம், சம்பளச் சீட்டு. யாருக்காவது நோய், மனச்சோர்வு, பிள்ளைக்கு ஓட்டிசம் போன்றவை இருந்தால் டொக்டரின் கடிதம். கடந்த 5 வருடம் எங்கெங்கே இருந்தீர்கள் என்ற முகவரிப் பட்டியலை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிவைத்தால் அங்கே தடுமாறமாட்டீர்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலும் செய்துவிடுங்கள்.

ஏதாவது இல்லையென்றால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆவணம் பிறகு கொடுக்கலாம். வீடில்லை, தகுதி இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தாலே தற்காலிக இடம் கொடுக்கவேண்டும் என்பதுதான் சட்டம்.

கவுன்சில் அலுவலகத்தில்

காலையில் போங்கள். திறக்கும் நேரத்துக்கே போங்கள். பின்நேரம் மூன்று மணிக்குப் போனால் 'நாளைக்கு வாருங்கள்' என்பது இலகுவான பதில் ஆகிவிடும். பல கவுன்சில்கள் இணையப் படிவத்தை நிரப்பச் சொல்லும். நிரப்புங்கள், ஆனால் இடமில்லாதது இன்றிரவு என்றால் நிரப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரே போங்கள் அல்லது போன் எடுங்கள். இரவிலும் வார இறுதியிலும் கவுன்சிலின் பொது எண்ணுக்கு எடுத்தால் அவசரச் சேவைக்கு இணைப்பார்கள்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "வீ ஆர் ஹோம்லெஸ் டுநைட். வீ ஹேவ் சில்ட்ரன். ஐ வோன்ட் டு மேக் எ ஹோம்லெஸ் அப்ளிகேஷன் அண்ட் வீ நீட் இன்டரிம் அக்கமடேஷன்." (இன்றிரவு எங்களுக்கு வீடில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடில்லாதவராக விண்ணப்பிக்கிறேன், தற்காலிக இடம் வேண்டும் என்று பொருள்.) இதையே ஆங்கிலம் தெரிந்தவரைக் கொண்டு மின்னஞ்சலாக எழுதி, போவதற்கு முன்பே வீடமைப்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்; கவுன்சில் போனில் ஏற்பாடு செய்யும், உங்களுக்குச் செலவில்லை. பன்னிரண்டு வயது மகளை நடுவில் வைத்து உங்கள் கடன் கதையையும் கணவன் மனைவி பிரச்சினையையும் சொல்லவைக்காதீர்கள். அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரியும்.

திருப்பி அனுப்பும் பதில்கள் சில திரும்பத் திரும்ப வரும். 'பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள்' என்பது ஒன்று. எல்லாக் குடும்பங்களையும் அப்படிக் கடைசி நாள்வரை இருக்கச் சொல்வதை வழக்கமாக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டல் நெறி கவுன்சில்களுக்குச் சொல்கிறது. 'நீங்கள் இந்தப் பகுதி ஆட்கள் இல்லை, பழைய கவுன்சிலுக்குப் போங்கள்' என்பது இன்னொன்று. கடந்த 12 மாதத்தில் 6 மாதம், அல்லது 5 வருடத்தில் 3 வருடம் வாழ்ந்திருப்பது, அங்கே வேலை செய்வது, நெருங்கிய உறவினர் இருப்பது போன்றவற்றை வைத்து உள்ளூர்த் தொடர்பு பார்ப்பார்கள்தான். ஆனால் அது பிறகு பார்க்கவேண்டியது. இன்றிரவு இடம் கொடுக்காமல் இருக்க அது காரணமாகாது. இப்படி ஏதாவது சொன்னால், கோபப்படாமல், "ப்ளீஸ் கிவ் மீ த டிசிஷன் இன் ரைட்டிங்" என்று கேளுங்கள். எழுத்தில் தருவது அவர்கள் கடமை. கேட்ட உடனேயே பதில் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பதில் எங்களுக்கே உரியது. உறவினர் வீட்டிலிருந்து வெளியேறுகிறீர்கள் என்றால், அதிகாரி அங்கிருந்தே உங்கள் அண்ணருக்கோ மாமிக்கோ போன் எடுப்பார்: 'இவர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா?' மரியாதைக்காக, வெள்ளைக்காரரிடம் குடும்ப விஷயத்தைச் சொல்ல மனமில்லாமல், "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டால், உங்கள் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே போவதற்கு முதல்நாளே அந்த உறவினரோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை பேர் எத்தனை அறையில் படுக்கிறீர்கள், எந்தத் தேதிக்குப் பிறகு இருக்கமுடியாது, ஏன் என்று உள்ளதை உள்ளபடி ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொய் எழுதச் சொல்லாதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். உண்மையே பெரும்பாலும் போதுமானது.

பிறகு காத்திருப்பு. காலை ஒன்பதுக்குப் போனவர்களுக்குப் பின்நேரம் ஐந்துக்குத்தான் முகவரி கைக்கு வரும். அதுவும் போனில் ஒரு செய்தியாக வரும். போன் சார்ஜர், பிள்ளைக்கு மாற்றுடுப்பு, நாப்பி, சுடுதண்ணீர்ப் போத்தல், கட்டிச்சோறோ பாணோ, எடுக்கவேண்டிய மருந்து எல்லாம் கையோடு இருக்கட்டும். முகவரி வேறொரு நகரமாகவும் இருக்கலாம், ரயில் காசு இல்லையென்றால் கேட்கத் தயங்காதீர்கள்.

சாமான் வைக்க இடமில்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். வீடிழந்தவரின் உடைமைகள் தொலையும் அபாயம் இருந்தால் அவற்றைப் பாதுகாக்க வீடமைப்புச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு கவுன்சிலுக்குக் கடமை வைத்திருக்கிறது. கட்டணம் கேட்கலாம், ஆனால் தெருவில் போட்டுவிட்டு வா என்று சொல்லமுடியாது. கட்டிலையும் மெத்தையையும் தையல் மெஷினையும் இப்படி இழந்து பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் வெதும்பும்.

கிடைக்கும் இடம்

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிடைப்பது வீடாக இருக்காது. ஹொட்டேல் அறை, விடுதி, அல்லது ஒற்றை அறை ஃபிளாட். ஓர் அறையில் இரண்டு கட்டில், ஒரு கேத்தில், ஒரு சின்ன மேசை; குளியலறை மாடிப்படியில், நாலு குடும்பத்துக்குப் பொது.

குடும்பங்களை இப்படிக் குசினியோ கழிப்பறையோ பகிரும் 'பி அண்ட் பி' விடுதிகளில் வைப்பது பொருத்தமற்றது, வேறு வழியே இல்லாதபோது வைத்தாலும் 6 வாரத்துக்கு மேல் கூடாது என்று 2003-இல் வந்த ஆணை சொல்கிறது. கவுன்சிலே நடத்தும் விடுதிகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. போன நாளை எழுதிவையுங்கள். ஐந்தாவது வாரத்தில் 'ஆறு வாரம் முடியப்போகிறது, எங்களை எங்கே மாற்றுகிறீர்கள்' என்று மின்னஞ்சல் போடுங்கள். ஆறு வாரம் தாண்டினால் வீடமைப்புச் சட்டத்தரணியிடம் போகலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இந்த வழக்குகளில் லீகல் எயிட் (அரச செலவில் சட்ட உதவி) கிடைக்கும்.

சோறு காய்ச்சுவதுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. அறைக்குள் ரைஸ் குக்கர் வைத்தால் புகை அலாரம் அடிக்கும், பல விடுதிகளில் அது விதிமீறல். மீறினதைக் காரணம் காட்டி அறையை நிறுத்தினால் பழி உங்கள்மேல் வரும். ஒளித்துச் சமைப்பதை விட்டு, சமைக்க வசதியில்லை, கைக்குழந்தையின் போத்தல் கொதிக்கவைக்க வழியில்லை, பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு கொடுக்கமுடியவில்லை என்று அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் தொட்டில்கட்டில் கேளுங்கள். அதற்கு உதவவேண்டும் என்று அரசின் நெறியே சொல்கிறது. சோபாவிலோ பெரியவர்களோடு நெருக்கியோ கைக்குழந்தையைப் படுக்கவைப்பது உயிராபத்து.

அறை பிடிக்கவில்லை என்று ஓரிரு இரவு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்காதீர்கள். தினமும் கையெழுத்து வைக்கச் சொல்லும் விடுதிகள் உண்டு, ஆள் இல்லையென்றால் பதிவை ரத்துசெய்துவிடுவார்கள். எங்காவது போகவேண்டியிருந்தால் முன்கூட்டியே அதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்குங்கள்.

இந்த இடத்துக்கு வாடகை உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அது ஹவுசிங் பெனிபிட் என்ற வாடகை உதவியாக வரும், அதைக் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். யூனிவேர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானக்காரருக்கான மாதாந்த அரச உதவி) வரும் என்று இருந்து, சில மாதத்தில் ஆயிரக்கணக்கில் நிலுவைக் கடிதம் வாங்கியவர்கள் பலர். முதல் கிழமையிலேயே படிவத்தைப் போட்டுவிடுங்கள்.

பொதுநிதி இல்லாதவர்களின் கதவு

1989-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேவையிலிருக்கும் பிள்ளையின் நலனைப் பாதுகாக்கும் கடமையைக் கவுன்சிலின் சமூகசேவைப் பிரிவுக்குக் கொடுக்கிறது. தங்க இடமில்லாத பிள்ளை தேவையிலிருக்கும் பிள்ளை. பெற்றோரின் விசா எதுவானாலும் அந்தப் பிள்ளைக்காகக் குடும்பம் முழுவதுக்கும் இடமும் அடிப்படைச் செலவுக்குக் காசும் கொடுக்க இந்தப் பிரிவில் அதிகாரம் உண்டு. இது 'பொதுநிதி' என்ற கணக்கில் வராது, ஆகவே கேட்பதால் விசா நிபந்தனை மீறப்படாது. கேட்கவேண்டிய இடம் வீடமைப்புப் பிரிவு இல்லை, 'சில்ட்ரன்ஸ் சோஷல் கேர்'. "சைல்ட் இன் நீட் அசெஸ்மென்ட் அண்டர் செக்‌ஷன் செவன்டீன்" என்று கேளுங்கள். மதிப்பீடு முடிய 45 வேலைநாள்வரை ஆகலாம். அதற்குள் நிற்க இடமில்லையென்றால் உடனடி இடம் தரும்படி அழுத்திக் கேட்கவேண்டும்.

அவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். இவ்வளவு நாளும் எப்படிச் சாப்பிட்டீர்கள், யார் காசு தந்தார், அவர் ஏன் நிறுத்தினார், இந்த பாங்க் கணக்கில் வந்த 300 பவுண் யாருடையது? எல்லா பாங்க் விவரங்களையும், உதவி செய்தவர்கள் இனி முடியாது என்று எழுதிய கடிதங்களையும் கொண்டுபோங்கள். சீட்டுக்காசு, நகை அடகு வைத்த காசு, ஊருக்கு அனுப்பிய காசு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஒரு வரவுக்குப் பதில் இல்லாவிட்டால் முழுக் கதையையும் நம்பமாட்டார்கள்.

பலரை இந்தக் கதவுக்குப் போகவிடாமல் தடுப்பது ஒரு பயம்: பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று. காசும் வீடும் இல்லாதது மட்டும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணம் ஆகாது; குடும்பமாக வைத்துப் பராமரிப்பதைத்தான் 17-ஆம் பிரிவு ஊக்குவிக்கிறது. சில இடங்களில் 'பிள்ளைக்கு மட்டும் இடம் தருகிறோம்' என்று சொல்லிப் பயமுறுத்துவதுண்டு. நீங்கள் சம்மதிக்காமல் அப்படி எடுக்க அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழியில்லை. எதிலும் கையெழுத்து வைக்காமல் சட்டத்தரணியிடம் பேசவேண்டும் என்று சொல்லுங்கள்.

விசா காலம் முடிந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்: கவுன்சில் உங்கள் நிலையை, குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஒபிசோடு சரிபார்க்கும், ஊருக்குத் திரும்பலாமே என்று பயணச்சீட்டுத் தரவும் முன்வரும். நிலுவையில் விண்ணப்பம் இருந்தால் அதன் சான்று உங்களைக் காக்கும். ஆகவே குடிவரவு ஆலோசனையை முன்பே, குறைந்தது ஒரே நேரத்தில், தேடுங்கள்.

குடும்ப வாழ்வு அல்லது தனிப்பட்ட வாழ்வு அடிப்படையில் விசா உள்ளவர்கள், வறுமையைக் காட்டி அந்த 'நோ ரிகோர்ஸ்' நிபந்தனையை நீக்கும்படி ஹோம் ஒபிசிடம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. நீங்கினால் முதல் கதவும் திறக்கும். பராமரிப்பு வேலை விசாவில் வந்து, நிறுவனம் வேலையையும் அது தந்த அறையையும் ஒரே நாளில் பறித்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை. 17-ஆம் பிரிவும் புதிய ஸ்பொன்சர் தேடலும்தான் அவர்களுக்கு.

அசைலம் குடும்பங்கள்

முடிவுக்குக் காத்திருப்பவர்கள் கையில் ஒன்றுமில்லையென்றால் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற உதவி அமைப்பின் இலவச எண் 0808 801 0503-க்கு எடுத்து அவசரத் தங்குமிடம் கேட்கவேண்டும். தமிழில் பேசவேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அகதி அந்தஸ்து கிடைத்த மகிழ்ச்சியில் பலர் தவறவிடுவது அடுத்த கடிதத்தை: அசைலம் வீட்டை விட்டு எந்தத் தேதியில் வெளியேறவேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் கடிதம் வந்த அன்றே கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள், யூனிவேர்சல் கிரெடிட்டும் போடுங்கள். ஹோம் ஒபிஸ் உங்களை வைத்திருந்த ஊரோடு உங்களுக்கு உள்ளூர்த் தொடர்பு உண்டு. லண்டனில்தான் சொந்தக்காரர் என்று உடனே மூட்டையோடு இங்கே வந்தால், அந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்படலாம்.

அடிக்குப் பயந்து வெளியேறும் அம்மாக்களுக்கு

வீட்டு வன்முறையிலிருந்து தப்புகிறவர் எந்தக் கவுன்சிலிடமும் போகலாம். ஆபத்துள்ள பகுதிக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. பொலிஸ் அறிக்கை கட்டாயமில்லை. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. காசைப் பறிப்பது, கடவுச்சீட்டை ஒளிப்பது, 'விசாவை வெட்டுவேன்' என்று மிரட்டுவது எல்லாம் அதில் அடங்கும். 24 மணிநேர இலவச எண் 0808 2000 247. பெண்களுக்கான பாதுகாப்பு விடுதிகளில் இடம் தேடித் தருவார்கள். உயிராபத்து என்றால் 999. கணவரின் விசாவில் தங்கியிருப்பவர், பொதுநிதியோடு 3 மாத அனுமதி தரும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். கணவர் மாணவர் அல்லது வேலை விசாவில் இருப்பவரென்றால் அந்தச் சலுகை உங்கள் இப்போதைய விசாவை முடித்துவிடும், ஆகவே விண்ணப்பிக்குமுன் ஆலோசனை கேளுங்கள்.

பாடசாலையும் சாப்பாடும்

தூரத்தில் போட்டாலும் பிள்ளையின் பாடசாலை இடத்தை உடனே விட்டுவிடாதீர்கள். அதே கட்டிடம், அதே ஆசிரியர், அதே சிநேகிதர் என்பது அந்தக் கிழமைகளில் பிள்ளைக்குப் பெரிய பிடிமானம். வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். சீருடை, காலைச் சாப்பாடு, வீட்டுப்பாட நேரம் போன்றவற்றில் பல பாடசாலைகள் மறைமுகமாக உதவும். பொருத்தமான மிகக் கிட்டிய பாடசாலையாகவே இருந்து, 8 வயதுக்குக் கீழ் 2 மைலுக்கும் அதற்கு மேல் 3 மைலுக்கும் அதிக தூரம் என்றால் இலவசப் போக்குவரத்துக் கேட்கலாம். ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சை நெருங்கும் பிள்ளை இருந்தால் அதைக் கவுன்சிலுக்கு எழுத்தில் சொல்லுங்கள். இடம் பொருத்தமா என்று பார்க்கும்போது அது கணக்கில் எடுக்கப்படவேண்டியது.

லண்டனில் 2023 செப்டெம்பர் முதல் அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசம். பொதுநிதி இல்லாத குறைந்த வருமானக் குடும்பங்களும் வேறு இடங்களில் இலவசச் சாப்பாட்டுக்குத் தகுதி பெறலாம், பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள். புட் பாங்க் சீட்டைப் பாடசாலையோ டொக்டரோ தரலாம். கோயில்களில் அன்னதானம் உண்டு. சவுத்தோல் குரு நானக் வீதியில் (முன்பு ஹேவ்லொக் வீதி) உள்ள குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) யாரென்று கேட்காமல் தினமும் சாப்பாடு போடுகிறார்கள், பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம்.

யூனிவேர்சல் கிரெடிட் முதல்தடவை கைக்கு வர 5 வாரம் ஆகும். இடையில் முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் வெட்டுவார்கள். டொக்டரிடம் பதிய முகவரிச் சான்று தேவையில்லை.

முடிவுக் கடிதம் வந்த பிறகு

கவுன்சில் விசாரித்து எழுத்தில் முடிவு தரும். சாதகமாக வந்தால் நிரந்தர வீடு உடனே வரும் என்று எண்ணவேண்டாம். லண்டனில் மூன்று அறை வீட்டுக்குப் பல வருடம் காத்திருக்கும் குடும்பங்கள் சாதாரணம், கவுன்சில் ஒரு தனியார் வாடகை வீட்டைக் கொடுத்தும் கடமையை முடித்துக்கொள்ளலாம். பாதகமாக வந்தால், கடிதம் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். 'ஐ ஆஸ்க் ஃபோர் எ ரிவ்யூ' என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, காரணங்களைச் சட்டத்தரணியோடு பிறகு எழுதலாம். அதிலும் தோற்றால், சட்டப் பிழைக்காக மறுபடி 21 நாளுக்குள் கவுன்டி நீதிமன்றம் போகலாம்.

கடைசி வாய்ப்பு என்று ஒரு வீட்டைத் தந்து அது உங்களுக்குப் பொருந்தாவிட்டால் மறுக்காதீர்கள். மறுத்தால் அவர்கள் கடமை முடிந்ததாக எழுதிவிட்டு உங்களை வெளியே விடலாம். ஏற்றுக்கொண்டு உள்ளே போய், அதே கிழமையில் மறுபரிசீலனை கேளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

யாரிடம் கேட்பது

ஷெல்டர் அமைப்பின் இலவச எண் 0808 800 4444. இன்றிரவு இடமில்லாதவர்கள் முதலில் எடுக்கவேண்டியது இதுதான். லீகல் எயிட் சட்டத்தரணிக்கு சிவில் லீகல் அட்வைஸ், 0345 345 4345. தமிழிலேயே பேசவேண்டும் என்றால் கிழக்கு லண்டனில் நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கமும், தெற்கே தென் லண்டன் தமிழ் நலன்புரிக் குழுவும் இருக்கின்றன. நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். காசு வாங்கிக்கொண்டு 'கவுன்சிலில் ஆள் இருக்கிறது, வீடு எடுத்துத் தருகிறேன்' என்று சொல்பவரிடம் போகாதீர்கள். இந்த விண்ணப்பம் முழுக்க இலவசம்.

மேலே சொன்னவை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அங்கேயும் முதலில் போகவேண்டியது உள்ளூர் கவுன்சிலுக்குத்தான். வட அயர்லாந்தில் கவுன்சிலுக்குப் பதிலாக ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ் என்ற அமைப்பிடம் போகவேண்டும்.